இடக்கை முறுக்கு

நான் நொட்டாங்கைக்காரி. சாப்பிடுவது, திருநீறு எடுப்பது, அடுத்தவர் கையில் ஒன்றைக் கொடுப்பது, வாங்குவது என்று ஊர் பார்க்கிற வேலைகளையெல்லாம் அம்மா வலது கைக்கு மாற்றிவிட்டாள். அதற்கு அவள் அகப்பைக் காம்பைத்தான் நம்பினாள். ஆனால் ஊசியில் நூல் கோக்கவோ கோலத்துக்குப் புள்ளி வைக்கவோ உட்கார்ந்தால், இடது கை என்னைக் கேட்காமலே முன்னால் வந்துவிடும். "பொட்டப்புள்ளைக்கு இந்தக் கை இருந்தா போற எடம் வெளங்குமா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். போன இடம் விளங்கியதா இல்லையா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

போன இடம் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். முன்னும் பின்னுமாக இரண்டு அறைகள். முன் அறை என் வீட்டுக்காரரின் பட்டறை. பின் அறை நாங்கள் சமைக்க, படுக்க. இரண்டுக்கும் நடுவில் என் பழைய சேலை ஒன்றைத் தைத்துத் தொங்கவிட்ட திரை. செம்பவாங்கில் கப்பல் தளத்தில் தச்சு வேலை பார்த்த என் அப்பா, தங்க வேலை தெரிந்த மாப்பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் என் கை விஷயத்தை மூச்சு விடாமல் கல்யாணத்தை முடித்துவிட்டார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. பெரிய மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மாட்டுக் கொட்டகை வாடையும் மசாலா மில்லின் நெடியும் போட்டி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

அவர் வாய்க்காரர். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு நகராமல் நின்று பார்ப்பேன். "இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேலை?" என்பார். "இங்க எங்க இரும்பு இருக்கு?" என்று நானும் நகரமாட்டேன். ஒரு நாள் சலித்துப்போய், தங்கக் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி என்னிடம் தள்ளினார். அந்தத் துணுக்கைக் கரி மேல் வைத்து ஊதினால் சட்டென்று சுருண்டு உருண்டு ஒரு சின்ன மணியாகிவிடும். கடுகில் பாதி இருக்கும். முதல் மணி உருண்டபோது நான் கத்திவிட்டேன். அவர் சிரித்தார். அன்றிலிருந்து மணி உருட்டுகிற வேலை எனக்கு வந்தது. அப்புறம் கம்பி இழுப்பது, அப்புறம் மெருகு. எல்லாம் இடது கையால்தான். அவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் உயிரோடு இல்லாதது என் அதிர்ஷ்டம்.

மூன்றாவது வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இருபது நாள் கிடந்தார். எழுந்தபோது உடம்பு தேறிவிட்டது, வலது கை மட்டும் தேறவில்லை. சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. சாமணத்தால் ஒரு துணுக்கைப் பிடித்துத் தூக்கும்போதுதான் விரல் நடுங்கத் தொடங்கும். நரம்பு என்றார்கள், ஓய்வு என்றார்கள், தைலம் என்றார்கள். எல்லாம் செய்து பார்த்தோம். ஒரு தோட்டை ஒட்ட வைக்கப்போய் உருக்கியே விட்டார். அன்று மாலைவரை அவர் பேசவில்லை. பேசாத அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. பயந்துபோனேன்.

மறுநாள் ஒரு பெண்ணின் தகப்பனார் தாலிக்குப் பொன் கொண்டுவந்தார். நல்ல நாள் குறித்தாகிவிட்டது. மாட்டேன் என்று சொன்னால் அந்தச் சந்து முழுக்க, பத்தருக்குக் கை போய்விட்டது என்று ஆகிவிடும். அவர் வாங்கிக்கொண்டார். வந்தவர் போனதும் திரையை விலக்கி என்னைப் பார்த்தார்.

"புள்ள, ஒன்னால முடியுமா?"

அந்தக் கேள்வியில் கெஞ்சல் இருந்தது. கேட்டதே போதும் என்று எனக்கு இருந்தது. "முடியும்" என்று சொல்லிவிட்டுத்தான் முடியுமா என்று யோசித்தேன்.

அப்படித் தொடங்கியது எங்கள் ஏற்பாடு. பொன் உருக்குவது சடங்கு. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சுற்றி நிற்க, வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்து, பத்தர் கையால் உருக்க வேண்டும். அதை அவரே செய்வார். பொன் உருகும் மண் மூசையைக் குறட்டால் பிடித்துத் தூக்க இரண்டு கையும் சேர்ந்தால் போதும். அதன் பிறகு உள்ள நுண்ணிய வேலையெல்லாம் திரைக்குப் பின்னால் என்னிடம் வந்துவிடும். அவர் முன்னால் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, ஒரு செப்புத் தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார். ஒன்றுமில்லாத தகடு. ஐந்தடி நடைபாதையில் போகிறவர்களுக்குப் பத்தர் வேலையாக இருக்கிறார் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே நான் தட்டும் சத்தம் தனியாகக் கேட்டுவிடக்கூடாது என்பதால் அவர் தட்டும்போதுதான் நானும் தட்டுவேன். அவர் நிறுத்தினால் நிறுத்திவிடுவேன். ஆள் யாராவது வந்து பேச உட்கார்ந்தால் எனக்கு ஓய்வு. வெங்காயம் உரிப்பேன். சில நாட்களில் அவருடைய பேச்சு நீண்டுகொண்டே போகும். தட்டித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

முதல் தாலியில் ஒரு தவறு செய்தேன். ஓரத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, கயிறு போலச் சுற்றி வைப்பது வழக்கம். நான் இடது கையால் முறுக்கியதால் அந்தக் கயிறு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஊரில் எந்தத் தாலியை எடுத்துப் பார்த்தாலும் முறுக்கு ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். வலது கையால் மறுபடி முறுக்கிப் பார்த்தேன். அங்கங்கே தடித்து, அங்கங்கே மெலிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அவர் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"மோளம் கொட்டற கல்யாணத்துல முறுக்கு எந்தப் பக்கம் சாயுதுன்னு எவன் பாக்கப் போறான்? ஒன் கை முறுக்குதான் அழகா இருக்கு. அதையே வை."

வைத்தேன். அந்தப் பெண் நன்றாக வாழ்ந்தாள். அடுத்த வருடமே பிள்ளை. அவளுக்குப் பிறகு அவள் சித்தி மகள், அவளுக்குப் பிறகு அவளுடைய நாத்தனார். பத்தர் கை ராசியான கை என்று பேச்சுப் பரவியது. அவர் கையால் பொன் உருக்கினால் பெண் தீர்க்கசுமங்கலியாக இருப்பாள் என்று பாசிர் பஞ்சாங், நீ சூன் என்று தீவின் கோடிகளிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள்.

எங்கள் வாசலை ஒட்டி நடைபாதையில் ஒரு அக்கா பூக்கட்டி விற்றாள். கணவர் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். காலையில் நான் வாசலில் கோலம் போடும்போது அவள் பூக்கூடையை இறக்குவாள். தண்ணீர் தெளிக்க என் செம்பைத்தான் வாங்குவாள். என் கண்ணுக்கு வேலை கற்றுக்கொடுத்தது அவளுடைய கூடைதான் என்று சொல்வேன். மல்லிகை மொட்டு காலையில் எப்படி மூடியிருக்கிறது, மத்தியானம் வாயை எவ்வளவு திறக்கிறது, வாடும்போது எந்த விளிம்பு முதலில் பழுக்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு கழுத்துச் சரத்தில் ஐந்து மொட்டுகளை ஐந்து வேளைகளில் நிற்கவைத்தேன். வாங்கியவர்களுக்கு அது தெரியாது. மொட்டுகள் ஒரே அளவாக இல்லையே என்று ஒரு அம்மாள் குறை சொன்னாள். "சிங்கப்பூர் டிசைன்மா, புதுசு" என்று இவர் சமாளித்தார்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறி வாங்குவதைவிட வேடிக்கை பார்ப்பதில்தான் நேரம் போகும். மங்குஸ்தீன் பழத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு சின்னப் பூ இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. சீனக் கிழவியிடம் ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் நிற்க, "பெலி தா பெலி?" என்று, வாங்குகிறாயா இல்லையா எனக் கேட்டு அதட்டுவாள். அந்தப் பூவை நான் தோடாகச் செய்தேன். மீன் செதில் வளையலாயிற்று. எதிர் வீட்டுச் சுவரில் பதித்திருந்த பீங்கான் ஓட்டுப் பூ ஒரு பதக்கமாயிற்று. ஃபேரர் பார்க் பக்கம் திடலோரத்தில் தும்பிகள் பறக்கும். அந்தச் சிறகின் நரம்பைக் கம்பியில் கொண்டுவர நான்கு மாதம் பாடுபட்டேன், வரவில்லை. வராதது எனக்கு இன்றும் ஆறவில்லை. தெருவில் நடக்கும்போதெல்லாம் கையில் இல்லாத ஒரு சாமணம் எதையாவது தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது கோபமாகத்தான் இருந்தேன்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. மங்குஸ்தீன் தோட்டைப் போட்டுப் பார்த்த ஒரு பெரிய இடத்து அம்மா, "பத்தரே, இது கையா, வேற எதுவுமா!" என்று வியந்தாள். முதலில் இப்படிப் பாராட்டு வந்தால் இவர் கூச்சத்தோடு திரைப் பக்கம் திரும்பிச் சிரிப்பார். வருடங்கள் போகப்போக அந்தத் திரும்பல் நின்றுவிட்டது. அன்று அவர், "அது எப்படிம்மா மனசுல தோணுச்சுன்னா, ஒரு நா மார்க்கெட்டுல பழத்தத் திருப்பிப் பாத்தேன்..." என்று ஆரம்பித்தார். நான் திரைக்குப் பின்னால் இருக்கிறேன். அவர் மார்க்கெட்டுக்குப் போனதே கிடையாது. அன்று ரசத்தில் புளியை இரண்டு பங்காகக் கரைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். முழுவதையும் குடித்து முடித்தார். "சொல்லிச் சொல்லி எனக்கே நான் செஞ்ச மாதிரி ஆயிடுதுடி" என்றார். அவர் கண் கலங்கியதும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கை நடுங்குகிற ஒரு மனிதனிடம் இன்னும் என்ன பிடுங்கிக்கொள்வது?

பூக்கார அக்காவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. தாலி எங்களிடம்தான். அதை நான் செய்தபோது மற்ற எதையும்விடப் பிரியமாகச் செய்தேன். அந்த முறுக்கில் ஓர் இடம்கூடத் தடிக்கவில்லை. அக்கா வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பத்தரே, பொன் வைக்கிற எடத்துல பூ வெச்சு ஒப்பேத்துற குடும்பம் நாங்க. எம் பொண்ணுக்கு நெசமாவே பொன் வெச்சிட்டீங்க" என்றாள். போகும்போது திரைப் பக்கம் பார்த்து, "வரேன் தங்கச்சி" என்று கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள். அதில் ஏதோ பொடி வைத்துப் பேசுகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் மறந்துவிட்டேன்.

இனி என் தாலிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இருந்தால் நிம்மதி. ஆனால் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது.

அது அவர் கை நன்றாக இருந்தபோது எங்கள் கல்யாணத்துக்காக அவரே செய்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் துணி துவைக்கும்போது, அதன் வளையம் தேய்ந்து கையோடு வந்துவிட்டது. அறுந்தது என்று சொல்லக்கூடாது. தாலி பெருகிவிட்டது என்றுதான் சொல்வோம். கழுத்தில் அவசரமாக ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். தகடும் மிக மெலிந்திருந்தது. புதிதாகவே செய்ய வேண்டும் என்றார். வேறு பத்தரிடம் கொடுத்தால், பத்தர் பெண்டாட்டி தாலிக்கு வெளியில் போகிறாளே என்று கேட்பார்கள். "நானே செய்யறேன்" என்று அவர் உட்கார்ந்தார். இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் துணுக்குகளையெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்தார்.

"ஒன் தாலிய நீயே செஞ்சுக்கோ புள்ள. யாருகிட்டயும் சொல்லிடாத."

செய்தேன். எதிர்ப்பக்கம் சாயும் முறுக்கோடு. பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் வைத்து அவர் மறுபடி கட்டினார். நடுங்கும் விரலால் முடிச்சுப் போட முடியாமல் திணறியபோது, பின்னால் கையைக் கொண்டுபோய் நானே இறுக்கிவிட்டேன்.

ஒரு வருடம் கழிந்தது. அக்காவின் சின்னப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பொன் உருக்கினோம். நான் தகட்டை அடித்து, வடிவம் வெட்டி, நடுவில் ஒரு மல்லிகை மொட்டு வைத்துவிட்டேன். ஓர முறுக்கு மட்டும்தான் பாக்கி. அன்று முற்பகல். வெளியே அவருடைய சுத்தியல் தட்டிக்கொண்டிருந்தது, உள்ளே நானும் தட்டிக்கொண்டிருந்தேன். அது நின்றது. நான் கையைத் தூக்கியபடியே நிறுத்திக் காத்திருந்தேன். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பேச்சுக் குரல் கேட்கவில்லை. வெற்றிலை போடுகிறார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது, பாதி அடியில் விட்டுவிட்டாரே என்று எரிச்சலாக வந்தது. அவர் தட்டினால்தானே நான் தட்ட முடியும். எவ்வளவு நேரம் அப்படிச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வெளியே அக்கா "பத்தரே! பத்தரே!" என்று கத்தினாள். திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். செப்புத் தகட்டின் மேல் தலை கவிழ்ந்திருந்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம், அத்தனை பேச்சுப் பேசிய மனிதர்.

பத்தாம் நாள் என் கழுத்திலிருந்து தாலியை எடுத்துப் பாலில் போட்டார்கள். வெள்ளைப் பாலுக்கு அடியில் அது கிடந்தது. சுற்றி உட்கார்ந்து அழுதவர்களில் ஏழெட்டுப் பேர் கழுத்தில் என் வேலை தொங்கியது. நான் அழவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். எனக்கு மண்டையில் ஒரே ஒரு எண்ணம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ராசியாக இருந்த கை, என் கழுத்துக்குச் செய்தபோது மட்டும் ஏன் இப்படிச் செய்தது? எனக்கு நானே செய்துகொண்டிருக்கக் கூடாதோ? அது மடத்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்த எண்ணம் என்னை விட்டு முழுவதுமாகப் போனதே இல்லை.

பதினாறு முடிந்து இரண்டு நாள் கழித்துக் காலையில் அக்கா வந்தாள். தினமும் சர்வசாதாரணமாக உள்ளே வருகிறவள் அன்று நிலைப்படிக்கு வெளியே நின்றாள். கையில் பூ இல்லை.

"தங்கச்சி, அந்தப் பொன்ன வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"முடியப் போவுதுக்கா" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு, இனி யாருக்காக மறைப்பது என்று ஒரு வேகம் வந்தது. "அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷமா இந்த வேலையெல்லாம் அவரு செஞ்சதில்ல."

"தெரியும்."

"எப்படிக்கா?"

"நான் பதினஞ்சு வயசுலேருந்து பூ கட்டறவ. ஒரு முடிச்சப் பாத்தா எந்தக் கை போட்டதுன்னு சொல்லிடுவேன். மூத்தவ தாலிய வாங்கின அன்னிக்கே பாத்துட்டேன், முறுக்கு எதிர்ப்பக்கமா ஓடுது. நீ எந்தக் கையால கோலம் போடறேன்னு தெனம் பாக்கறவதானே நான்? பத்தரு தகட்டச் சும்மா தட்டிட்டு ஒக்காந்திருப்பாரு. பாவமா இருக்கும்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுதான் சின்னவளுக்கும் இங்கயே குடுத்தேன். ராசி ஒன் கையிலதான் இருந்துச்சு."

பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை எனக்கென்று ஒருத்தி சொன்னது அன்றுதான். அழாதிருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

"அப்ப நானே முடிச்சுக் குடுத்துடறேன்க்கா. ஒரு நாள் வேலைதான்."

அவள் என் வெறும் கழுத்தைப் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். 'இருந்துச்சு' என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கன்னிப் பொண்ணு கழுத்துல ஏறப் போறது தங்கச்சி. நான் பெத்தவ. என்ன மன்னிச்சிடு."

இடது கையைப் பொறுத்துக்கொண்டவள் அவள். வேறு எவளாவது இருந்தால், பீச்சாங்கையால் தாலி செய்தாளா என்று ஊரையே கூட்டியிருப்பாள். இடது கைக்கு மேல் இது ஒன்று வந்துவிட்டது. அதை அவளால் தாண்ட முடியவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது.

முறுக்கு இல்லாத அந்தத் தாலியை மஞ்சள் துணியில் வைத்து, வலது கையால் நீட்டினேன். அம்மா அடித்துப் பழக்கிய கை அதற்காவது உதவியது. அவள் நேரே என் கையிலிருந்து வாங்கவில்லை. நிலைப்படியில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள். நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லிடாத. எத்தனை பொண்ணுங்க கழுத்துல கெடக்கு ஒன் வேலை. இப்ப தெரிஞ்சா பயந்துடுவாளுங்க."

அது நியாயமான பேச்சு. இரவிக்கைக்குள் என் முறுக்கை வைத்துக்கொண்டு எங்கெங்கோ பிள்ளை பெற்று, சமைத்து, சண்டை போட்டு வாழ்ந்துகொண்டிருந்த பெண்களை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் கழற்றிப் பார்த்துக் கலங்குவதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டேன். கல்யாணத்தன்று நாதஸ்வரச் சத்தம் சந்து வரைக்கும் கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

இரண்டு வருடம் ஒரு மசாலாக் கிடங்கில் மிளகாய்க் காம்பு கிள்ளினேன். விரல் நுனியெல்லாம் எரியும். கண்ணைக் கசக்கினால் அன்று முழுக்க அழுகைதான். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அது ஒரு வசதி. பக்கத்தில் இருந்தவர்கள் நான் இடது கையால் கிள்ளுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, மார்க்கெட்டில் ஒரு நோன்யா அம்மாள், மலாய் பேசும் சீனக் குடும்பத்தவள், மங்குஸ்தீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் போடும் கெபாயாச் சட்டைக்கு முன்னால் பித்தான் கிடையாது. சங்கிலியில் கோத்த மூன்று ஊசிப் பதக்கங்களால்தான் அதை மூட்டுவார்கள். கெரோசாங் என்பார்கள். அந்த அம்மாள் குனிந்தபோது அது வெயிலில் மின்னியது. பழத்தின் அடிப்பூவும் அந்தப் பதக்கமும் ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு கையில் இல்லாத அந்தச் சாமணம் அசைந்தது.

என்னுடைய பழைய வெள்ளிக் கொலுசை உருக்கினேன். இந்த முறை சுற்றி நிற்க யாரும் இல்லை, வெற்றிலை பாக்கும் இல்லை. வெள்ளிக்கு யாரும் ராசி பார்ப்பதில்லை. தட்டத் தொடங்கியபோது சுத்தியல் பாதியில் தானாக நின்றது. வெளியே சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறேன் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது. மூன்று பதக்கங்கள், மூன்று மங்குஸ்தீன் பூ, சுற்றி என் முறுக்கு. முடித்ததும் திரையைத் தாண்டி முன் அறைக்குப் போனேன். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு கறுப்புத் துணியை விரித்து அவற்றை வைத்தேன். தெருவில் போனவர்கள் பத்தருடைய மிச்சச் சாமானை விற்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அக்கா பூக்கூடையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். முறுக்கை அவள் பார்த்தது எனக்குத் தெரியும். மறுபடி பூவைக் கட்டத் தொடங்கினாள்.

நான்காம் நாள் வேறொரு நோன்யா அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். பதக்கத்தைக் கையில் எடுத்துத் திருப்பினாள். மங்குஸ்தீன் என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது; இதழ்களை விரலால் தொட்டு எண்ணிச் சிரித்தாள். இவளுக்கு என் கழுத்து வெறுமையாக இருப்பது ஒரு பொருட்டே இல்லை. இவள் சனங்களில் தாலியும் கிடையாது, நொட்டாங்கையும் பேச்சில்லை. இவளிடம் சொல்லலாம். உலகத்தில் ஒருத்தியிடமாவது சொல்லலாம்.

"சியாப்பா புவாட்?" என்று கேட்டாள். யார் செய்தது?

"சுவாமி சாயா" என்றது என் வாய். என் வீட்டுக்காரர்.

நான் சொல்லவில்லை, அதுவாகச் சொல்லிவிட்டது. அத்தனை வருடம் சொல்லிப் பழகிய வாய். திருத்தியிருக்கலாம். ஒரு சொல் போதும், 'சாயா', நான். பக்கத்தில் அக்காவின் கை நின்றுபோயிருந்தது. நான் திருத்தவில்லை.

"டியா டி மானா?" அவர் எங்கே என்றாள்.

திரையைக் காட்டினேன். "டி டாலாம்." உள்ளே இருக்கிறார்.

அந்த அம்மாள் மூன்றையும் வாங்கிக்கொண்டாள். போகும்போது திரைப் பக்கம் மரியாதையாகத் தலையைச் சாய்த்துவிட்டு, அந்தக் கை நுணுக்கமான கை, டியாவிடம் நான் சொன்னதாகச் சொல் என்று மலாயில் சொன்னாள். மலாயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த ஒரே சொல்தான், டியா. அவர் என்றும் வைத்துக்கொள்ளலாம், அவள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். இன்னும் சொல்லவில்லை.